கேட்டுச் சொல்றேன்

"இல்லீன்னாலும் சொல்லிப்போடு சாமி. நான் பாட்டுக்கு ஆட்ட ஓட்டீட்டு வந்து நிக்கக்கூடாது பாரு."

அந்த ஆத்தா கேட்டது ஒரு கடவு. நாங்கள் போடும் வேலியில் ஓர் ஆளும் பின்னாலேயே நாலு ஆடும் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. "ஓனர்கிட்டக் கேட்டுச் சொல்றனுங்காத்தா" என்றேன். அப்போதுதான் அவர் அப்படிச் சொன்னார். மொத்தப் பேச்சும் ஒரு நிமிடம் இருக்காது. அதற்குப் பிறகு எத்தனையோ காட்டுக்கு வேலி போட்டுவிட்டேன். ஆனாலும் வண்டி ஓட்டும்போது அந்த "இல்லீன்னாலும்" எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

காங்கேயம் பக்கம் ஊதியூர் மலைக்குக் கீழே சரிவில் கிடக்கும் கொறங்காடு அது, ஆடு மாடு மேய விடும் காடு. ஆறு ஏக்கர், சுற்றளவு 2,300 அடி. மூன்று பக்கம் வேலை ஓடிவிட்டது. மேற்குப் பக்கம் 600 அடிதான் உயிரை வாங்கியது. முழுக்கப் பாறை. வேலிக்கு நடும் 7 அடி கல்காலில் 2 அடி மண்ணுக்குள் போக வேண்டும். அங்கே அரை அடிக்குக் கீழே மண்ணே கிடையாது. கம்ப்ரஸர் வைத்துக் குழி போட்டோம். சரிவில் கம்பி வலை நிலத்தோடு படுத்து வராது. பத்தடிக்கு ஒருமுறை ஒரு கம்பியைச் சுழற்றி உருவி, வலையைப் பிரித்து, படிபோல் இறக்கி மறுபடி கோக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் அடியில் முக்கோணமாக ஒரு ஓட்டை நிற்கும். அதைக் கல் வைத்து அடைக்காவிட்டால் நாய் நுழையும்.

வேலியே நாய்க்காகத்தான். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் ஆடு வளர்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செத்த ஆடுகளை நடுரோட்டில் போட்டு மறியல் செய்தவர்கள் இருக்கிறார்கள். இந்த ஓனருக்கு ஒரே ராத்திரியில் பதினொரு ஆடு போயிருந்தது. மேற்குப் பக்கம் கிளுவை வேலி பட்டுப்போய்ப் பல்லுப்போன வாயாட்டம் கிடந்தது. அந்த வழியாகத்தான் வந்திருக்கின்றன. ஆகவே அவர் ஓட்டையில்லாத வேலி கேட்டதில் தப்பே இல்லை. ஓர் ஆள் நுழையும் சந்தில் நாய் நுழையாதா? நுழையும். இதை நான் எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரியான காரணம்தான். ஆனால் அன்றைக்கு என் மனசில் இந்தக் காரணம் இருந்ததா என்று கேட்டால், இல்லை.

அன்றைக்கு என் மனசில் இருந்தது இரண்டாம் தவணை. ராத்திரி ஓனருக்கு போன் போட்டேன். கம்ப்ரஸர் வாடகை ஏறிவிட்டது, கொஞ்சம் சேர்த்துத் தர வேண்டும் என்று பேச்சு. அவர் ஏற்கெனவே சலித்துக்கொண்டார். அந்த நேரத்தில் கடவு என்று ஆரம்பித்தால் பணப் பேச்சு கெட்டுவிடும் என்று விட்டேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் நூல் பிடித்து அளந்து வந்த பையன் நின்றான். "ஏனுங்க்ணா, ஒரு கல்காலு நடக்கற தடத்து மேலயே வருதுங்க. தள்ளிப் போட்டுக்கலாமுங்களா?"

"அளவு எங்க வருதோ அங்க தோண்டு."

தள்ளிப் போட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. எப்படியும் வலை வந்து மூடத்தான் போகிறது. இருந்தாலும் அவன் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. ஏன் வந்தது என்று இப்போது தெரிகிறது. அந்தக் குழி மட்டும் கடப்பாரையிலேயே அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது. கம்ப்ரஸர் தேவைப்படவில்லை. பாறைக்கு நடுவில் மண் இருந்த ஒரே இடம் அது. தடம் போட்டவர்கள் சும்மா போடவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் பழைய கடவு ஒன்று ஏற்கெனவே இருந்தது. கிளுவைக்கு நடுவில் இரண்டு கல்லை நெருக்கமாக நட்டு வைத்திருந்தார்கள். மாடு போக முடியாது, ஆள் ஒருக்களித்துப் போகலாம். வேலி வைத்தவரே விட்ட வழி. நான் அந்த இரண்டு கல்லையும் பிடுங்கி, வடமேற்கு மூலைக்காலுக்கு முட்டுக் கொடுத்தேன். நல்ல கல், காசில்லாமல் கிடைத்தது. தொழில் தெரிந்த எவனும் அதைத்தான் செய்வான்.

ஒரு இரும்புத் தட்டி அடித்து, தன் எடையிலேயே சாத்திக்கொள்கிற மாதிரி சாய்த்து மாட்டியிருந்தால் ஆளும் போகலாம், நாயும் வராது. இது எனக்கு அன்றைக்கே தெரியும். ஓனரிடம் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்கவும் கூடும். அல்லது, சாத்தாமல் போவார்கள் என்று மறுத்திருப்பார். மறுத்திருந்தால் ஆத்தாவிடம் போய் "இல்லீங்காத்தா" என்று சொல்லியிருக்கலாம். அந்தம்மா கேட்டதே அவ்வளவுதான். அவர்கள் ஊரிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு இனி ரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டும், இரண்டு கிலோமீட்டர். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள நினைத்தார்.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பொதுவாகப் பேசுவதுபோலக் கேட்டேன். 1882-ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டம் (Easements Act) ஒன்று இருக்கிறதாம். 20 வருடம் ஒரு தடத்தை வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாகப் பயன்படுத்தி வந்திருந்தால் வழக்குப் போட்டு நிலைநாட்டலாமாம். சர்வே வரைபடத்தில் அந்தத் தடம் இல்லையே என்றேன். இல்லாவிட்டாலும் சாட்சி சொல்லலாம் என்றார். "ஆனா இதுக்கெல்லாம் யாருங்க கோர்ட்டுக்குப் போறாங்க" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, நிம்மதியாகக்கூட இருந்தது. வண்டியில் ஏறிய பிறகுதான் அந்த நிம்மதி பிடிக்காமல் போனது.

ஐப்பசி மழையில் பள்ளத்தைக் கடக்கும் இடத்தில் வேலி சாய்ந்துவிட்டது. தண்ணீரோடு வந்த முள்ளும் சருகும் வலையில் அடைந்து, மொத்தச் சுமையும் கல்காலில் இறங்கியிருக்கிறது. பள்ளத்தின் குறுக்கே வலையை இறுக்கிக் கட்டியது என் தப்பு; அடியை ஆடும்படி தொங்க விட்டிருக்க வேண்டும். அதைச் சரிசெய்யப் போனபோது பழைய தடத்தில், வேலிக்கு இரண்டு பக்கமும் கல் அடுக்கிப் படி கட்டியிருந்தது. மேலே முள்கம்பியில் ஒரு சாக்கை மடித்துப் போர்த்தியிருந்தார்கள்.

யார் செய்ததோ. பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருக்கலாம். அந்த வயதில் ஆத்தா ஐந்தடி வேலி ஏற மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஓனர் வருவதாகச் சொல்லியிருந்தார். படியைக் கலைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படியே விட்டால் என் வேலை மேல் பழி வரும். கடைசியில் கல்லை விட்டுவிட்டு, கண்ணில் படுகிற சாக்கை மட்டும் எடுத்தேன். இரண்டுங்கெட்ட வேலை. படி அப்படியே இருக்கிறது, ஏறுகிறவன் தொடைக்கு முள்கம்பியும் தயாராக இருக்கிறது.

சாயங்காலம் திரும்பும்போது ரோட்டில் ஆத்தா எதிரே வந்தார், நாலு ஆட்டோடு. வண்டியை நிறுத்தினேன். சொல்ல வேண்டியதைக் கோத்து வைத்திருந்தேன்.

"மழைக்கு வேலி சாஞ்சிருச்சாமா சாமி?" என்று கேட்டார்.

"ஆமாங்காத்தா, சரி பண்ணியாச்சுங்க."

"சரி சரி. பொழுதோட போய்ச் சேரு" என்று ஆட்டை ஓரமாக ஒதுக்கி எனக்கு வழி விட்டார்.