மூலையில் மிஞ்சும் தகடு

ஓட்டலில் சாம்பார் சாதம் பார்சல் வாங்கினால் கைக்கு வரும் அலுமினிய டப்பாவின் மூலையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சுவர் முழுக்க மடிப்பு மடிப்பாக இருக்கும். மூலைக்கு வரும்போது அந்த மடிப்புகள் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கும். வாங்குபவர் கண்ணுக்கு அது அழகுக்குப் போட்ட வரி. டப்பாவை அழுத்தி வடிக்கும் இயந்திரமான பிரஸ்ஸில் நிற்பவர்களுக்கு அது வேறு வழியில்லாமல் வந்த மடிப்பு. ஃபாயில் டப்பாவில் வந்த கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவை அந்த மூலையைச் சமாளிக்கப் பிறந்தவை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூலை வளைவின் ஆரம் அடியில் 20 மி.மீ., வாயில் 30 மி.மீ., ஆழம் 40 மி.மீ. என்று ஒரு டப்பா. தட்டைத் தகடாக இருக்கும்போது அந்த மூலையின் வெளிவிளிம்பு கிட்டத்தட்ட 95 மி.மீ. நீளம். டப்பாவாக எழுந்து நின்றபின் அதே விளிம்பு 47 மி.மீ. இடத்துக்குள் அடங்கியாக வேண்டும். அதாவது விளிம்பில் பாதிக்குப் பாதி மிச்சம். துணி என்றால் தையல்காரர் வெட்டி எறிந்துவிடுவார். இங்கே வெட்டினால் குழம்பு ஒழுகும். மிஞ்சும் தகட்டை மடிக்க வேண்டும், அல்லது நசுக்கித் தகட்டுக்குள்ளேயே செலுத்த வேண்டும்.

மடிப்பதுதான் மலிவான வழி. 40 முதல் 60 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் ஃபாயில் போதும். மடிப்பு தானாக எங்கே வேண்டுமானாலும் விழாமல் இருக்க, டை எனும் அச்சிலேயே வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். தகடு அந்தப் பள்ளத்தில் சீராக மடிந்து இறங்கும். அந்த மடிப்பே சுவருக்குப் பலமும் தரும். கூரை போடும் நெளித்தகடு நிற்பதும் இதே முறையில்தான். இதே ஃபாயிலில் மடிப்பில்லாத சுவர் செய்ய முடிந்தாலும், அது கையில் எடுத்த உடனே குழைந்துவிடும்.

பிரஸ்ஸில் நடப்பது எல்லாம் ஒரே அடியில் முடிகிறது. காயில் எனும் ஃபாயில் சுருளிலிருந்து தகடு அவிழ்ந்து, எண்ணெய் தடவும் உருளைகளுக்கு நடுவே போய், டைக்கு அடியில் நிற்கும். முதலில் வெளி அளவுக்கு வெட்டு. அடுத்து ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும் வளையம். அதன்பின் பன்ச் எனும் அழுத்து அச்சு இறங்கி வடிவம். கடைசியில் விளிம்பைச் சுருட்டும் வேலை. காற்று ஊதி டப்பாவை வெளியே தள்ளும். நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது முறை இப்படி நடக்கும். இந்த வேகத்தில் ஒரு தவறு நடந்தால், அது கண்ணில் படுவதற்குள் நூறு டப்பா வீணாகியிருக்கும்.

அதிகம் வீணாவது எண்ணெயால். குறைந்தால் அடி மூலை கிழியும். கூடினால் டப்பாக்கள் அடுக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவசரத்தில் பார்சல் கட்டுபவர் இரண்டாக எடுத்துவிடுவார், அல்லது பிரிக்கும்போது விளிம்பை நெளித்துவிடுவார். உணவு படும் பொருள் என்பதால் சாதாரண மெஷின் ஆயில் கூடாது. உணவுத் தரத்து வெள்ளை எண்ணெய்தான், அதுவும் பனி படர்ந்தது போல மெல்லிசாக. எண்ணெய் சரியாக இருந்தும் கிழிகிறது என்றால் ஃபாயிலின் விறைப்பைச் சந்தேகிக்க வேண்டும். 8011, 3003 என்ற கலவைகளில் எச்22, எச்24 என்று விறைப்பு குறித்து வரும். பழகிய டையில் ஒரு படி விறைப்பான காயில் ஏறினால் அன்று முழுக்க மூலை வெடிக்கும். பன்ச் மூலையில் சிறு கீறல் விழுந்திருந்தாலும் இதே கதைதான். ஆனால் அப்போது ஒரே மூலை மட்டும் கிழியும். நான்கு மூலையும் கிழிகிறதா, ஒன்று மட்டுமா என்று பார்த்தாலே பாதி நோய் பிடிபட்டுவிடும்.

கிழிசல் கண்ணுக்குத் தெரியும், ஊசித்துளை தெரியாது. இருட்டறையில் விளக்குக்கு எதிரே டப்பாவைத் தூக்கிப் பிடித்து அடி விளிம்பைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அதைவிட நம்பகமானது, சாயம் கலந்த நீரை ஊற்றி வெள்ளைத் தாள்மேல் வைத்துவிடுவது. கால் மணி நேரத்தில் தாள் சொல்லிவிடும்.

மைக்ரான் விஷயத்தில் ஏமாற்று உண்டு. 50 என்று சொல்லி 45 தருவது சந்தையில் புதிதல்ல. தடிமன் அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் தராசு போதும். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 2.71 கிராம். எனவே கிராமில் வரும் எடையை 0.0271 ஆல் வகுத்தால் மைக்ரான் கிடைக்கும். 50 மைக்ரான் என்றால் 1.355 கிராம் இருக்க வேண்டும், 1.22 கிராம்தான் வந்தால் அது 45. எண்ணெய் இருந்தால் துடைத்துவிட்டு எடை போட வேண்டும். உணவு பொதிக்கும் வெறும் ஃபாயிலுக்கு ஐ.எஸ். 15392 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. காயில் வாங்கும்போது அந்த எண்ணைக் கேட்டு வாங்குவது நல்லது.

வீட்டு உபயோக ஃபாயிலில் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். எந்தப் பக்கம் சாப்பாட்டில் பட வேண்டும் என்று கேட்காத ஆளில்லை. எந்தப் பக்கமும் படலாம். மிக மெல்லிய தகட்டை ஒற்றையாக உருட்டினால் அறுந்துவிடும் என்பதால் கடைசி முறை இரண்டைச் சேர்த்து உருட்டுகிறார்கள். உருளையில் பட்ட பக்கம் மினுங்கும், தகட்டோடு தகடு பட்ட பக்கம் மங்கும். 1910 வாக்கில் சுவிட்சர்லாந்தின் கிரோய்ஸ்லிங்கன் பகுதியில் அலுமினியத்தைத் தொடர்ந்து உருட்டி ஃபாயிலாக்கினார்கள். சாக்லேட்டைச் சுற்றத்தான் அது முதலில் போனது. தட்டாக, டப்பாவாக அது பரவலாக வீட்டுக்குள் நுழைந்தது 1950களில், அமெரிக்காவின் உறைந்த சாப்பாட்டுத் தட்டுகளோடு.

இனி விளிம்பு. வெட்டிய ஃபாயிலின் ஓரம் பிளேடு மாதிரி. அதை உள்ளே மறைத்துச் சுருட்டினால் கையை அறுக்காது. டப்பாவின் வாயைச் சுற்றி ஒரு கம்பி ஓடுவது போலப் பலமும் கிடைக்கும். 450 மி.லி. டப்பா வெறும் நான்கைந்து கிராம் தகடுதான். அது அரை கிலோ குழம்பைத் தாங்கி எழுகிறது என்றால் அதில் பெரும்பங்கு அந்தச் சுருட்டலுடையது. வெட்டும் முனை மழுங்கினால் ஓரத்தில் பிசிறு வரும். பிசிறு வந்தால் சுருட்டல் ஓரிடத்தில் திறந்துகொள்ளும். காற்றழுத்தம் குறைந்தாலும் சுருட்டல் முழுதாக மூடாது. ஒரு நாளைக்கு இரண்டு முறை விளிம்பைச் சுற்றி ஒரு துண்டுப் பஞ்சை இழுத்துப் பார்த்தால் போதும், பிசிறு இருக்குமிடத்தில் நூல் சிக்கும்.

மடிப்புச் சுவர் தீர்க்காத குறை ஒன்று உண்டு. மூலை மடிப்புகள் சுவரோடு நிற்பதில்லை, விளிம்பு வரை ஏறுகின்றன. ஒவ்வொரு மடிப்பும் ஒரு நுண்ணிய வாய்க்கால். எப்படிப்பட்ட மூடி போட்டாலும் ரசம் அந்த வழியே வரும். அதனால்தான் வழவழப்புச் சுவர் டப்பா வந்தது. அங்கே ஓரத்தைப் பிடிக்கும் வளையம் இன்னும் இறுக்கமாக அழுத்தும். மிஞ்சும் தகடு மடிய இடமில்லாமல் தகட்டுக்குள்ளேயே ஒதுங்கும். அதற்கு மென்மையான, தடித்த ஃபாயில் வேண்டும். டையும் கண்ணாடி போல இருக்க வேண்டும். விளிம்பு தட்டையாக வரும், ஃபாயில் மூடியை வெப்பத்தால் ஒட்டலாம், காற்றும் புகாது. விலை கூடும். ஆனாலும் குழம்பு வகைகளுக்கு இதுவே சரியான டப்பா. மலிவு பார்த்து மடிப்பு டப்பாவில் ரசம் கட்டித்தருவது வாடிக்கையாளரின் பைக்குச் செய்யும் துரோகம்.

இந்த வகை உள்ளே பெரும்பாலும் லாக்கர் எனும் மெல்லிய பாதுகாப்புப் பூச்சோடு வரும். ஒட்டுவதற்காக மட்டுமல்ல, புளிக்காகவும்தான். அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலம் கடும் புளிப்பில் தாங்காது. உப்பும் சேர்ந்தால் இன்னும் வேகமாக அரிக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் புளியோதரையோ வத்தக்குழம்போ வைத்து, மேலே ஃபாயில் போட்டு இறுக்கி இரவு முழுக்க விட்டால் காலையில் தெரியும். குழம்பு தொட்ட இடமெல்லாம் ஃபாயிலில் பொடிப்பொடித் துளைகள். துளையைச் சுற்றிச் சாம்பல் நிறக் கறை. கீழே உணவின்மேல் கருத்த புள்ளிகள். பூச்சி அரித்ததல்ல, தரம் கெட்ட ஃபாயிலும் அல்ல. எவர்சில்வர் ஒரு முனை, அலுமினியம் மறுமுனை, நடுவே உப்பும் புளியும்: ஒரு பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். ஃபாயில் உணவைத் தொடாமல் இருந்தாலோ, பாத்திரம் கண்ணாடியாக இருந்தாலோ இந்த பேட்டரி உருவாகாது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் தடைசெய்யப்பட்டபோது, சாம்பார் கட்டிய பிளாஸ்டிக் பையின் இடத்தைப் பிடிக்க வந்தவற்றில் ஃபாயில் டப்பாவும் உண்டு. கூடவே வெள்ளி நிறக் கவர்களும் வந்தன. இரண்டும் ஒன்று என்று பல ஓட்டல்காரர்கள் இன்னும் நினைக்கிறார்கள். கையில் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே நின்றால் ஃபாயில். மெல்ல விரிந்து எழுந்தால் உலோகப் பூச்சு ஏற்றிய பிளாஸ்டிக். அதை உருக்கி அலுமினியம் எடுக்க ஒன்றும் இல்லை.

ஓட்டல்களில் இன்னும் அதிகம் ஓடுவது மடிப்பு டப்பாவும் அட்டை மூடியும்தான். அதிலும் ஒழுகலைக் குறைக்கலாம். வாயிலிருந்து ஒரு விரல் கீழே நிறுத்துங்கள். தளும்பத் தளும்ப ஊற்றினால் குழம்பு மூடியைத் தொடும், அட்டையின் வெட்டுமுனை எண்ணெயைக் குடித்து ஊதும், மடித்த விளிம்பு விலகும். மூடியின் ஃபாயில் பக்கம் உள்ளே இருக்கட்டும். பெரும்பாலோர் நான்கு பக்கத்தையும் மடித்துவிட்டு மூலையை விட்டுவிடுகிறார்கள். பக்கங்களை மடித்தபின் கரண்டியின் பின்புறத்தால் நான்கு மூலையையும் ஒருமுறை அழுத்தித் தேயுங்கள், ஒரு மூலைக்கு ஒரு நொடி போதும். பையில் வைக்கும்போது டப்பா படுக்கையாகவே இருக்கட்டும்.