நிஞ்சா கெய்டன்: நின்றால் செத்தோம்

ஜனவரி 6, 2024, சனி

இந்த வருஷம் ஒரே ஒரு பழைய கேமை முழுசாக முடிக்கப் போகிறேன். நிஞ்சா கெய்டன். டெக்மோ கம்பெனி 1988 டிசம்பரில் ஜப்பானில் நின்டென்டோவின் ஃபேமிகாம் கேம் பெட்டிக்கு வெளியிட்டது, அடுத்த வருஷம் அமெரிக்காவில் அதே பெட்டியின் அங்கத்திய வடிவமான என்இஎஸ்ஸுக்கு வந்தது. ஆறு ஆக்ட், மொத்தம் 20 ஸ்டேஜ். அந்தக் கேசட்டில் சேவ் கிடையாது, பாஸ்வேர்டும் கிடையாது, கண்டினியூ மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் தருவான். தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் டிவி கேம் இருந்த வீடுகளில் எல்லாம் கான்ட்ராவும் மரியோவும்தான் ஓடும், இது யாரிடமும் இல்லை. இப்போது என்னிடம் இருப்பது சித்தப்பா மகன் துபாயிலிருந்து வாங்கி வந்து கொடுத்த என்இஎஸ் கிளாசிக், 2016-ல் வந்த அந்தக் குட்டிப் பெட்டி. அதில் எந்த இடத்திலும் ஆட்டத்தை நிறுத்தி வைத்து அங்கிருந்தே தொடரும் வசதி உண்டு. அதைத் தொடப் போவதில்லை. 1989-ல் ஒரு பையன் எப்படி ஆடியிருப்பானோ அப்படியே ஆட வேண்டும்.

முதல் ஆக்ட் சுலபம். தெரு, நாய்கள், குத்துச்சண்டைக்காரர்கள், கடைசியில் கோடாரியோடு ஒரு தடியன். நாம் ஆட்டுவிக்கும் நிஞ்சா ரியூ ஓடும் வேகமும் தாவும் வளைவும் கைக்கு அவ்வளவு இதமாக இருக்கிறது, 35 வருஷப் பழைய கேம் என்றே தோன்றவில்லை.

ஜனவரி 9, செவ்வாய்

இன்றைக்கு ஆட்டத்தை விட டிவியோடுதான் அதிக நேரம் போனது. இந்தக் கேம் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம் ஓடுகிறது, ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 17 மில்லி நொடி. இன்றைய டிவி படத்தை அழகுபடுத்துகிறேன் என்று 100 மில்லி நொடி எடுத்துக்கொண்டால், நாம் பார்க்கும் எதிரி ஏற்கெனவே ஆறு ஃபிரேம் முன்னால் இருக்கிறான். பழைய குழாய் டிவியில் இந்தத் தொல்லையே இல்லை. செட்டிங்ஸில் கேம் மோட் போட்டேன், மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்தேன், வாள் வீச்சு உடனே மாறிவிட்டது. ‘பழைய கேம் எல்லாம் ரொம்பக் கஷ்டம்’ என்று சொல்கிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கட்டும்.

கண்ட்ரோலர் ஒயர் ரொம்பக் குட்டை. டிவிக்கு முன்னால் தரையில் பாய் போட்டுத்தான் உட்கார முடிகிறது.

ஜனவரி 14, ஞாயிறு, போகி

அக்கா மகன் பொங்கல் லீவுக்கு வந்திருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவன், “மாமா, இவனை இப்பதானே வெட்டினீங்க, மறுபடி எப்படி வந்தான்?” என்று கேட்டான். இந்தக் கேமின் உயிர்நாடியே அந்தக் கேள்விதான்.

ஒவ்வொரு எதிரிக்கும் வரைபடத்தில் ஒரு இடம் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த இடம் திரையின் ஓரத்தைத் தொட்டதும் அவன் வருவான். வெட்டிவிட்டு முன்னே போய்விட்டால் கதை முடிந்தது. வெட்டிய பிறகு பயந்து ஓரடி பின்வாங்கி, அந்த இடம் திரைக்கு வெளியே போய் மறுபடி உள்ளே வந்தால் அதே ஆள் புத்தம் புதிதாக நிற்பான். எத்தனை முறை பின்வாங்கினாலும் அத்தனை முறையும் வருவான். போதாக்குறைக்கு, அடி வாங்கினால் ரியூ பின்னால் தூக்கி எறியப்படுவான், பின்னால் குழி இருந்தால் ஒரு உயிர் போச்சு. அதனால் தயங்கி, பின்வாங்கி, நிதானமாக ஆடலாம் என்று நினைக்கிறவனுக்குத்தான் இந்தக் கேம் நரகம். தைரியமாக முன்னே போகிறவனுக்கு எதிரிகளின் எண்ணிக்கையே குறைவு. பலர் இதை மோசமான வடிவமைப்பு என்று திட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விதி ஒன்றுதான், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அது மாறுவதே இல்லை.

ஜனவரி 16, செவ்வாய்

தாவியபடி வெட்டுவதை மட்டும் பழகினேன். தரையில் நின்று வாளை வீசினால் ரியூவின் கால் ஒரு கணம் நின்றுவிடும், காற்றில் வீசினால் ஓட்டம் தடைபடாது. முதலில் தாவி, எதிரியின் தலை உயரத்துக்கு இறங்கும்போது பட்டனைத் தட்டி, தரையைத் தொட்டதும் அப்படியே ஓட வேண்டும். இதை இரண்டாம் ஆக்டில் மறுபடி மறுபடி செய்துகொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் கட்டைவிரல் தானாகவே செய்ய ஆரம்பித்தது, அப்புறம் அந்த ஆக்டே சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது.

சுவர் ஏறுவதும் அப்படித்தான். ஏணி இல்லாத சுவரில் ரியூ ஒட்டிக்கொள்வான், ஆனால் ஏற மாட்டான். எதிர்ப்பக்கம் தாவி உடனே சுவர்ப்பக்கமே திருப்பினால் கொஞ்சம் மேலே போய் ஒட்டுவான். ஒற்றைச் சுவரையே இப்படி உச்சி வரை ஏறலாம்.

பையனுக்குச் சண்டையை விடக் கதைதான் பிடித்திருக்கிறது. ஆரம்பத்தில் நிலா வெளிச்சத்தில் இரண்டு நிஞ்சாக்கள் பாய்ந்து மோதி, அதில் ஒருவரான ரியூவின் அப்பா விழும் காட்சியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறான். அந்தக் காலத்தில் ஒரு கேசட்டுக்குள் இப்படி 20 நிமிடத்துக்கு மேல் காட்சிகளை வைத்தது சாதாரண வேலை இல்லை. டைரக்டர் ஹிடியோ யோஷிசாவா, பின்னால் நாம்கோ கம்பெனியில் க்ளோனோவா என்ற கேமைச் செய்தவர். வசனத்தை எல்லாம் பையனுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன், “அப்ப அவங்க அப்பா செத்துட்டாரா மாமா?” என்றான். ஆறாவது ஆக்டில் தெரியும் என்றேன்.

ஜனவரி 27, சனி

பருந்து. இந்தக் கேமை ஆடிய எவரிடமும் இந்த ஒரு வார்த்தை போதும். ஒரே வெட்டில் செத்துவிடும், ஆனால் நேராக வராது. நம்மை நோக்கிப் பாய்ந்து, கடந்து போய், திரும்பி வரும், உயரத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கும். துரத்திக்கொண்டு வாளை வீசினால் கிடைக்காது. அது வரும் இடம் மாறுவதில்லை, அதை மனப்பாடம் செய்து முதல் பாய்ச்சலிலேயே வெட்டிவிட வேண்டும், இரண்டாவது பாய்ச்சலுக்கு விட்டால் நம் கணக்கு எல்லாம் குலைந்துவிடும்.

காற்றாலை நட்சத்திரம் என்ற எறி ஆயுதம் கையில் இருந்தால் பாதிக் கவலை தீரும். மேல் பட்டனையும் வாள் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் பறந்துபோய்த் திரும்பி வரும். அதைப் பிடிக்காமல் மேலே தாவி விட்டுவிட்டால் மறுபக்கம் போய் இன்னொரு முறை வரும், அதை எறியச் செலவாகும் சக்தியும் கூடுதலாகக் குறையாது.

பிப்ரவரி 11, ஞாயிறு

6-2-க்குள், அதாவது ஆறாவது ஆக்டின் இரண்டாவது ஸ்டேஜுக்குள் நுழைந்தேன். சின்னச் சின்ன மேடைகள், நடுவே குழி, எதிர்ப்பக்கம் ஒருவன் தயாராக நிற்கிறான், தாவும் நேரம் பார்த்து வானத்திலிருந்து இன்னொன்று. நொடிக்கணக்கில் பிசகினாலும் கீழே. ஒவ்வொரு தாவலையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்: எந்த மேடையின் விளிம்பில் கிளம்ப வேண்டும், எங்கே வெட்ட வேண்டும், எங்கே வெட்டாமல் தாண்ட வேண்டும். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி, இடங்களை முதலில் சரியாக வைத்துவிட்டால் கோடு தானாக ஓடுகிறது.

வேகமாக முடிக்கிறவர்கள் மொத்தக் கேமையும் 12 நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். அவர்கள் வீடியோவை இன்றைக்கு மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். அவசரம் என்று எதுவுமே தெரியவில்லை, ரியூ நிற்பதே இல்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 25, ஞாயிறு

கடைசி மூன்று பாஸ்கள், அதாவது முடிவில் காத்திருக்கும் பெரிய எதிரிகள். யாரிடம் செத்தாலும் 6-1-க்கு அனுப்பிவிடுகிறான், மறுபடி 6-2, 6-3 எல்லாம் தாண்டித்தான் திரும்ப வர வேண்டும். கொடுமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜெயித்த பாஸ் ஜெயித்ததாகவே இருக்கிறான், திரும்பி வரும்போது அடுத்தவனிடமே நேராகப் போகலாம். இந்த ஒரு சலுகையை வைத்துத்தான் மனம் தளராமல் ஆட முடிகிறது.

முதல் ஆள் ரியூவின் அப்பாவேதான். உயிரோடு இருக்கிறார், ஆனால் கதையின் வில்லன் ஜாக்கியோவின் கட்டுப்பாட்டில். அவரை வெட்டக் கூடாது, அவரை ஆட்டிவைக்கும் உருண்டையைத்தான் உடைக்க வேண்டும். உடைத்தேன். பையனுக்கு உடனே வாட்ஸ்அப்பில் சொன்னேன், “எனக்குத் தெரியும் மாமா” என்று வாய்ஸ் நோட் வந்தது.

மார்ச் 9, சனி

முடித்துவிட்டேன்! ஜாக்கியோ மேலே மிதந்துகொண்டே தீப்பந்தங்களை வீசுவான். இந்த முறை அவனைப் பார்க்கவே இல்லை, தீப்பந்தம் வரும் வழியை மட்டும் பார்த்தேன், அது தாண்டிய கையோடு தாவி ஒரு வெட்டு, இறங்கி ஓட்டம், மறுபடி ஒரு வெட்டு. அதற்குப் பிறகு வரும் பூதம் உருவத்தில்தான் பெரியது, ஜாக்கியோவை விட எளிது. அப்பாவின் கடைசிக் காட்சியில் கண் கலங்கிவிட்டது. எட்டு பிட் இசை, நாலைந்து நிறம், அசையாத முகம், அதிலேயே இவ்வளவு செய்திருக்கிறார்கள்.

அடுத்தது கண்டினியூ தொடாமல் ஒரே ஓட்டத்தில் முடிப்பது. நாலாவது ஆக்டின் ஆரம்பத்தில் இன்னும் தேவையில்லாமல் அடி வாங்குகிறேன், காட்டுக்குள் நுழைந்ததும் வேகம் தானாகக் குறைகிறது. நாளைக்கு அந்த ஒரு ஸ்டேஜ் மட்டும்.