ஆடி மாதத்துப் புதன்கிழமை

புது ரயில் லைனுக்கான டிராபிக் சர்வேயில் அந்த ஊர் பஸ் ஸ்டாண்டு என் பொறுப்பு. எத்தனை பேர், எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று படிவம் நிரப்பவேண்டும். முதல் நாள் கூட்டத்தைப் பார்த்து எனக்கே சந்தோஷம். பத்து மணிக்கு மேல்தான் கவனித்தேன், பாதிப் பேர் கையில் தாம்பூலப் பை. முகூர்த்த நாள்.

சாரிடம் சொன்னேன். "யாரு பாக்கப்போறா, விடுப்பா. லைன் வந்தா அந்த ஜனத்துக்குத்தானே நல்லது" என்றார். "கையெழுத்து என்னுது சார்" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "சரி, உன் இஷ்டம்" என்றார். பேச்சு அவ்வளவுதான், ஆனால் அந்தக் கண்ணாடி துடைத்த நேரம் இன்னும் என்னை விடவில்லை.

அப்புறம் ஒரு புதன்கிழமை மறுபடி எண்ணினேன். போட்ட பணத்துக்கு வருஷம் 14 சதவீதமாவது திரும்ப வரவேண்டும் என்பது அப்போதைய அளவுகோல். எங்கள் லைன் அதன் பக்கத்தில்கூட வரவில்லை, ஃபைல் அலமாரிக்குப் போனது. என் ஒரு பஸ் ஸ்டாண்டுக் கணக்கால்தான் போனதா? 14 தொடாத எத்தனையோ லைன்களுக்கு, பின்தங்கிய பகுதி என்று காரணம் சொல்லியே அனுமதி கிடைத்திருக்கிறது. தவிர, பொய்க் கணக்கில் லைன் போட்டு நாளுக்கு ஒரு வண்டி காலியாக ஓடினால் அது மட்டும் நல்லதா? இப்படியெல்லாம் சொல்லிக்கொள்வேன், கொஞ்ச நாள் தாங்கும்.

சிக்கல் என்னவென்றால் அந்தப் புதன்கிழமை ஆடி மாதத்தில் வந்தது. கல்யாணமே இல்லாத மாதம். அப்போது எனக்கு அது தோன்றவில்லை என்றுதான் நினைக்கிறேன், சத்தியம் செய்யச் சொன்னால் மாட்டேன். வருஷத்தில் எத்தனை முகூர்த்தம், எத்தனை திருவிழா, தீபாவளி, பொங்கல், இதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தைச் சாதாரண நாள் என்றால் நம் ஊரில் யார் ஒப்புக்கொள்வார்கள்? மதுரை - போடி பாதையை அகலப்பாதையாக்க 2010 கடைசியில் மூடினார்கள். தேனிக்கு ரயில் திரும்ப 2022, போடிக்கு 2023. நடுவில் தேனியில் நின்று எண்ணியிருந்தால் பஸ்ஸில் போனவர்கள்தான் கணக்கில் வந்திருப்பார்கள், பஸ் ஒத்துக்கொள்ளாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் வரமாட்டார்கள்.

அன்றைக்கும் ஒரு அம்மா, பேரனை வழியனுப்ப வந்தவர், என் பக்கத்துத் திண்ணையில் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "பஸ்ல காலை மடக்க முடியல தம்பி, மக வீட்டுக்குப் போயி மூணு வருஷமாச்சு. ரயிலுன்னா போவேன்" என்றார். பயணி இல்லை என்பதால் அவரை எழுதவில்லை. இது முதல் நாளா, ஆடிப் புதனா என்பதுகூட இப்போது குழம்புகிறது.