கச்சான் காற்றில் ஒரு கமராப் பை

பை ஆறு கிலோவுக்குக் கிட்ட வந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து வவுனியாவுக்கு ஒரு பஸ், அங்கே இறங்கி ஹொரவப்பொத்தானைப் பாதையால் திருக்கோணமலைக்கு இன்னொன்று, இரண்டிலும் அதை மடியிலேயே வைத்திருந்தேன், மேல்தட்டில் வைத்தால் முதல் பிரேக்குக்கே யாருடைய தலையிலாவது விழும் என்ற பயம். உள்ளே பழைய நிக்கோன் கமரா ஒன்று, 10-20 அகல லென்ஸ், 50, 70-300 சூம், மினுக்கத்தை வெட்டும் போலரைசர், வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர், ட்ரைபொட். மூன்று நாளுக்கு இவ்வளவும் வேணுமா என்று அம்மா கேட்டா. வேணும் என்றேன். இப்போது கேட்டால் பாதியைக் கட்டிலில் விட்டுவிட்டுப் போயிருப்பேன்.

ஜூலை மாதம். கிழக்குக் கரையில் கடல் அடங்கிக் கிடக்கும் காலம், ஆனால் மேற்கில் இருந்து கச்சான் அடிக்கும் காலமும் அதுதான். பகல் முழுக்க வரண்ட காற்று மணலையும் அள்ளிக்கொண்டு வரும், விடியப்புறத்தில் காற்று விழுந்து ஈரம் ஏறும். என் கமரா இந்த இரண்டிலும் அகப்பட்டது.

திருக்கோணமலையில் டச்சுக் குடாக் கடற்கரைக்குக் கிட்ட அறை எடுத்திருந்தேன், ஏசி அறை. முதல் நாள் ஐந்தேகாலுக்கு எழும்பி, கடற்கரைக்கு ஓடி, ட்ரைபொட்டை நட்டு, லென்ஸ் மூடியைக் கழற்றினால் வியூஃபைண்டரில் ஒரே வெள்ளைப் புகார். துடைத்தேன், மறுபடி படிந்தது. திரும்பவும் துடைத்தேன், இந்த முறை கையெண்ணெயும் சேர்ந்து இழுபட்டது. அறைக்குள் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கண்ணாடி, வெளியே ஈரக்காற்று பட்டதும் அதில் நீர் கோக்கிறது, ஐஸ் தண்ணிக் கிளாசுக்கு வெளியே வேர்க்கிற மாதிரித்தான். கண்ணாடி சூடேறும் வரைக்கும் எவ்வளவு துடைத்தாலும் போகாது. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னமே சூரியன் வந்துவிட்டது. என் கண்ணாடி தெளிந்தபோது அது கடலுக்கு மேலே ஒரு சாண் ஏறி, சாதாரண வெயிலாகிவிட்டது. பக்கத்தில் ஒருவர் போனில் எடுத்துக்கொண்டிருந்தார். நல்ல படம். எரிச்சலாக இருந்தது.

இதற்கு வைத்தியம் சுகமானது. படுக்க முன் கமராவை இறுகப் பூட்டும் பொலித்தீன் பைக்குள் போட்டு, ஏசி படாத இடத்தில் வையுங்கள். நான் இரண்டாம் இரவு குளியலறைத் தட்டில் வைத்தேன், பார்க்க நன்றாக இருக்காதுதான். மறந்து அறைக்குள் வைத்துவிட்டால், வெளியே கொண்டுபோனதும் பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் பொறுங்கள். நீர் பைக்கு வெளிப்பக்கம் கோக்கும், கண்ணாடியில் கோக்காது.

இரண்டாம் நாள் சரி வந்தது. டச்சுக் குடாவில் நின்று பார்த்தால் கோணேசர் மலை இடப்பக்கமாகக் கடலுக்குள் நீண்டு நிற்கும். ஜூலையில் சூரியன் கிழக்கில் இருந்து வடக்காக ஒதுங்கி எழும்புவதால், இரண்டும் அகல லென்ஸில் ஒரே சட்டத்துக்குள் வருகின்றன. மார்கழியில் வந்தால் சூரியன் வலப்பக்கம் வெகுதூரம் போய்விடும், அப்போது மழையும் கடுமை. லென்ஸ் துவாரம் எஃப் 11 (எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும்), ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ 100, பதப்படுத்தாத ரோ கோப்பு. எஃப் 22 வரைக்கும் போனால் எல்லாமே கூர்மையாக வரும் என்று நினைத்துப் பல காலம் எடுத்திருக்கிறேன், அது பிழை. துவாரம் அவ்வளவு சிறுத்தால் ஒளி சிதறி, படம் முழுக்க மெல்ல மங்கும், சின்னச் சென்சரில் இன்னும் முந்தி. அலை கரையில் ஏறும்போது பொத்தானை அமத்தாமல் திரும்பி இறங்கத் தொடங்கும்போது என்டி போட்டு அரைச் செக்கன் விட்டால், நுரை கோடு கோடாக இழுபடும். ட்ரைபொட்டில் அடித்துண்டையே முதலில் நீட்டுங்கள், அப்போதுதான் பூட்டு மணலுக்கு மேலே நிற்கும். நான் மேல்துண்டை மட்டும் நீட்டியதன் விளைவு, வீட்டுக்கு வந்த பிறகும் திருகும்போது கறகறக்கிறது.

அப்புறம் மலை உச்சியில் உள்ள கோணேசர் கோயில். பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் போகவேண்டும், உள்ளே இன்னும் ராணுவம் இருக்கிறது, அந்தப் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். கடற்படைத் துறைமுகப் பக்கமும் அப்படித்தான். ட்ரோன் என்ற யோசனையை, அனுமதிப் பத்திரம் கையில் இல்லாவிட்டால், ஊரிலேயே விட்டுவிடுங்கள். கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆடுமாடு மாதிரித் திரியும். ஒன்று வந்து என் கமராப் பட்டியை நக்கியது, வேர்வை உப்புக்குத்தான் என்று நினைக்கிறேன். 70-300 தேவைப்படும் என்று கொண்டுபோன மிருகம் 50க்கே கிட்டவாக நின்றது.

இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்குக் கிட்ட மரத்தில் நேர்த்திக்காகக் கட்டிய சின்னச் சின்னத் தொட்டில்கள் தொங்கும், பின்னால் கடல். 50 மிமீயை எஃப் 2.8க்குத் திறந்து ஒரு தொட்டிலை மட்டும் பிடித்தேன். மலையின் கீழே நீர் ஆழ்ந்த நீலம். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அங்கே சுழியோடித்தான், போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் கற்களைக் கண்டு படமும் எடுத்தார்கள். தண்ணிக்குள் ஃபிலிம் ரோல் மாற்ற முடியாத காலம். ஒரு ரோலில் எத்தனை படம் இருந்ததோ அத்தனைதான், ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணி எடுத்திருப்பார்கள். நான் தொட்டிலுக்கே அறுபது முறை அமத்தினேன்.

புறாமலைத் தீவுக்கு நிலாவெளியில் இருந்து வள்ளம், கொஞ்ச நேர ஓட்டம். போலரைசர் அங்கேதான் தன் விலைக்கு வேலை செய்தது. வளையத்தைத் திருக, நீர்மேல் மினுக்கம் போய், அடியில் உள்ள பவளப்பாறை மேலே வந்த மாதிரித் தெரியும். கிட்டத்தட்ட இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், அதாவது நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும், அந்த நடுமதிய வெயிலில் அது ஒரு பொருட்டே இல்லை. தண்ணிக்குள் போனைப் பையில் போட்டு எடுத்தேன், எல்லாம் நீலப்பச்சை, ஏனென்றால் சிவப்பைத்தான் நீர் முதலில் குடித்துவிடுகிறது. பவளத்தில் மட்டும் காலை ஊன்றாதீர்கள், படத்துக்காகவும் வேண்டாம்.

ஆனால் நான் எழுத வந்தது மூன்றாம் நாளைப் பற்றி. சல்லிக் கிராமப் பக்கம் நடந்துபோனபோது கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கயிறு, இரண்டு வரிசை ஆட்கள், பின்பக்கம் சாய்ந்து, குதிக்காலை மணலில் புதைத்து, மெல்ல மெல்ல இரண்டு வரிசையும் நெருங்கி வருகின்றன. காற்றில் மணல் பறந்ததால் லென்ஸ் மாற்றத் துணியவில்லை, 50 போட்டபடியே எல்லாம். கறுத்த உடம்புகளுக்குப் பின்னால் வெள்ளை மணலும் நுரையும், கமரா அந்த வெள்ளையைப் பார்த்துப் பயந்து ஆட்களை இருட்டாக்குகிறது, அதனால் வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் கூட்டி வைத்தேன். பிறகு போலரைசரைப் பூட்டி, எஃப் 16, 1/15 செக்கன். இருபதில் ஒன்று தேறினால் பெரிது. தேறிய ஒன்றில் கால்கள் மணலில் அசையாமல் நிற்க, கைகளும் கயிறும் மட்டும் இழுபட்டுக் கோடாகியிருந்தன. என் வாழ்நாளில் எடுத்த நல்ல படங்களில் அது ஒன்று, தற்பெருமைதான், இருக்கட்டும்.

வலையின் மடி கரையேறி மீன் கொட்டிய பிறகு, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஐயா கிட்ட வந்து, எடுத்ததைக் காட்டச் சொன்னார். நான் அந்த 1/15ஐக் காட்டினேன். திரையை வெயிலுக்குக் கையால் மறைத்து, கன நேரம் பார்த்தார்.

“ஆடிப்போச்சே தம்பி.”

ஆட்டித்தான் எடுத்தது ஐயா, இழுக்கிற வேகம் தெரியவேணும் எண்டு, என்றேன்.

“இழுக்கிறது எங்களுக்குத் தெரியும்தானே. முகம் ஆற்றேயும் தெரியேல்ல.”

எல்லாரையும் கூப்பிட்டு மீன் குவியலுக்குப் பின்னால் வரிசையாக நிற்பாட்டினார். உச்சிவெயில், தொப்பிக்குக் கீழே கண்கள் கறுத்து, பின்னால் ஒருவருடைய மோட்டார் சைக்கிள். நான் போலரைசரைக் கழற்றி, எஃப் 8, 1/500 வைத்து ஒரே முறை அமத்தினேன். அதைத்தான் வட்ஸப்பில் கேட்டார். அனுப்பினேன், பின்னேரமே அவருடைய முகப்புப் படம் அதுதான்.