பழைய சோபாவுக்குத் துணி மாற்றுவதா, புதிதாக வாங்குவதா?

ஒற்றை சோபாவுக்குத் துணி மாற்ற விலை கேட்டால், பல நேரம் புதிது வாங்கும் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். உடனே ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பணத்தில் பெரும்பகுதி கைவேலைக்குத்தான் போகிறது. பழைய துணியைக் கிழிக்காமல் கழற்ற வேண்டும். அதை வைத்துத்தான் புதுத் துணியை வெட்டுவார்கள். அடித்திருக்கும் பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். அப்புறம் இருக்கையை அடியில் தாங்கும் பட்டை, ஸ்பிரிங், ஃபோம், தையல். துணியே சுமார் 5 முதல் 7 மீட்டர் ஆகும். பெரிய பூப்போட்ட துணி என்றால் டிசைன் பொருந்த வேண்டுமே, இன்னும் கூடும்.

ஆனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது துணியை அல்ல, உள்ளே இருக்கும் மரச்சட்டத்தை. முன்கால் ஒன்றை ஒரு சாண் உயரம் தூக்குங்கள். அடுத்த முன்காலும் கூடவே எழுந்தால் சட்டம் உறுதி. அது தரையிலேயே நின்று, சோபா முறுக்கிக்கொண்டால் மூட்டுகள் தளர்ந்திருக்கின்றன. கெட்டி மரமாக இருந்தால் அதையும் பசை போட்டு இறுக்கிவிடலாம். மரத்தூள் பலகையில் செய்தது உடைந்திருந்தால், அதற்கு மேல் துணிக்குச் செலவழிப்பது வீண். புதிதே வாங்குங்கள்.

கெட்டி மரச் சட்டத்தைத் தூக்கிப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறுவதில்லை. அதே தரத்தில் புதிது தேடிப் பாருங்கள், விலை எங்கேயோ இருக்கும்.

செய்வதென்று முடிவானால் ஃபோமில் மிச்சம் பிடிக்காதீர்கள். இருக்கைக்குக் கன மீட்டருக்கு 30 கிலோவுக்குக் குறையாத அடர்த்தி கேளுங்கள். குறைந்தால் சீக்கிரமே குழிவிழும். சட்டமும் ஸ்பிரிங்கும் நன்றாக இருந்து இருக்கை மட்டும் அமுங்கியிருந்தால், மெத்தை ஃபோமை மட்டும் மாற்றினாலே போதும், செலவு நன்றாகக் குறையும்.