கதவைச் சாத்தும் முன்பே பேசிவிடுங்கள்

பாங்காக் போய்விட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. பார்த்த கோயில்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் போய் இறங்கிய அன்று விடியற்காலையில் நடந்ததே திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு முதல் தடவையாக வெளிநாடு போகிறவர்கள் இதைப் படித்தால் நல்லது.

நான், என் மனைவி, அம்மா, மூன்று பேர். சென்னையில் நள்ளிரவில் ஏறி, சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியபோது அங்கே மணி ஐந்து. அம்மாவுக்கு உட்கார்ந்தே வந்ததில் கால் இரண்டும் வீங்கிவிட்டது. எல்லாச் சடங்கும் முடிந்து பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால், வெள்ளைச் சட்டை போட்டு கழுத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்ட ஒருவர் நேராக எங்களிடம் வந்து 'டாக்சி? எங்கே போகணும்?' என்று ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் ஓட்டல் இருக்கும் பகுதியின் பெயரைச் சொன்னேன், சீலோம் என்று. 700 பாட் என்றார். ஒரு பாட் இரண்டரை ரூபாய்க்கு மேல், முப்பது கிலோமீட்டர் தூரம், விடிகிற நேரம், அம்மாவுக்கு நிற்க முடியவில்லை, சரி போகட்டும் என்று தலையாட்டிவிட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது.

வண்டியில் ஏறியதும் மீட்டரைத் தேடினேன். இருந்தது, அதன் மேல் ஒரு சின்னத் துண்டு போட்டு மூடியிருந்தது. கண்ணாடியில் மல்லிகைச் சரம் தொங்கியது, அம்மா அதைப் பார்த்துவிட்டு 'நம்ம ஊர் மாதிரியே இருக்குடா' என்று சந்தோஷப்பட்டார். வழியில் இரண்டு இடத்தில் சுங்கம், இரண்டையும் சேர்த்து 75 பாட், நான்தான் கொடுத்தேன், அது பயணிதான் கொடுக்க வேண்டியது, அதில் தப்பில்லை.

ஓட்டல் வாசலில் நிறுத்தியவுடன் 1,200 என்றார் ஓட்டுநர். 700 என்று சொன்னது ஒரு ஆளுக்கான வண்டியாம், நாங்கள் மூன்று பேராம், பெட்டிக்குத் தனியாம். எங்கள் பெட்டி மூன்றும் டிக்கியில். அவர் இறங்கி டிக்கிக்குப் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், திறக்கவில்லை. என்னிடம் இருந்ததெல்லாம் ஆயிரம் பாட் தாள்கள், சென்னையில் மாற்றும்போது சில்லறை கேட்டு வாங்கவில்லை. எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. மனைவி 'ஏங்க, கத்தாதீங்க' என்று கையைப் பிடிக்கிறார், அம்மா 'கொடுத்துத் தொலைடா, விடியக்காலையில எதுக்கு வம்பு' என்கிறார். சத்தம் கேட்டு ஓட்டலின் வரவேற்பில் இருந்த பெண் வெளியே வந்தார். என்னைப் பார்த்து 'ஜாய் யென் யென்' என்றார். மனதைக் குளிர வைத்துக்கொள் என்று அர்த்தம், அங்கே யார் கோபப்பட்டாலும் இதைத்தான் சொல்கிறார்கள். அவர் ஓட்டுநரிடம் தாய் மொழியில் மெதுவாக, சிரித்த முகத்தோடுதான் பேசினார். கடைசியில் ஒரு ஆயிரம் தாளை வாங்கிக்கொண்டு டிக்கியைத் திறந்தார் ஓட்டுநர். மீதி தரவில்லை.

அந்தப் பெண் என்னிடம் முதலில் கேட்டது, 'வண்டி எண் என்ன?' என்றுதான். 1584 என்று ஒரு எண் இருக்கிறது, தாய்லாந்தின் தரைவழிப் போக்குவரத்துத் துறையின் புகார் எண், வண்டி எண்ணைச் சொன்னால் தானே கூப்பிட்டுப் புகார் சொல்கிறேன் என்றார். நான் பார்க்கவில்லை. வண்டி அதற்குள் தெருமுனை திரும்பிவிட்டது.

காபி குடிக்கும்போது அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். பாங்காக்கில் 1992 முதலே டாக்சிக்கு மீட்டர் வந்துவிட்டது. சாதாரண டாக்சியில் மீட்டர் 35 பாட்டில் தொடங்கும், அப்புறம் கிலோமீட்டருக்கு ஆறரை, ஏழு, எட்டு பாட் என்று ஏறும், நெரிசலில் நின்றால் நிமிடக் கணக்கு. விமான நிலையத்தில் ஏறினால் மீட்டருக்கு மேல் 50 பாட். அந்த விடியற்காலையில், வழி காலியாக இருக்கும்போது, சுங்கம் உட்பட 400 பாட்டுக்குள் முடிந்திருக்க வேண்டும். நாங்கள் கொடுத்தது சுங்கத்தோடு 1,075. பணம் போனதை விட அம்மா முன்னால் டிக்கியைப் பூட்டிக்கொண்டு நின்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஊருக்குப் போய் இறங்கிய முதல் மணி நேரத்தில் அந்த ஊரின் மேல் பயம் வரக்கூடாது, அம்மாவுக்கு வந்துவிட்டது. அன்று முழுவதும் அறையை விட்டு வெளியே வர மாட்டேன் என்றார்.

சரி, விமான நிலையத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? வருகைக் கூடம் இரண்டாம் தளத்தில். அங்கே யார் வந்து கூப்பிட்டாலும் நிற்காமல், ஒரு தளம் கீழே இறங்க வேண்டும். வெளியே டாக்சி வரிசைக்கு இயந்திரங்கள் இருக்கின்றன, பொத்தானை அழுத்தினால் ஒரு சீட்டு வரும், அதில் எந்தத் தடத்தில் உங்கள் வண்டி நிற்கிறது என்று எண் போட்டிருக்கும். வண்டியின் விவரமும் அதில் இருக்கும். ஓட்டுநர் அந்தச் சீட்டைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள், புகார் சொல்ல அதுதான் ஆதாரம். பெட்டி குறைவாக இருந்து, காலை நேரமாகவும் இருந்தால் ரயிலே போதும், நகருக்குள் இருக்கும் பயா தாய் நிலையம் வரைக்கும் 45 பாட்தான். எங்களுக்கு அம்மாவை வைத்துக்கொண்டு ரயில் மாறுவது சரிப்பட்டிருக்காது.

மறுநாள் அரண்மனைக்குப் போனோம், கிராப் என்ற போன் செயலியில் வண்டி போட்டு. கிராப், போல்ட் இரண்டும் அங்கே ஓடுகின்றன, ஏறும் முன்பே தொகை தெரிந்துவிடும், மழை நேரத்தில் மட்டும் ஏறிவிடும். அரண்மனை வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒருவர் வந்து, இன்றைக்கு அரண்மனை மூடியிருக்கிறது, பெரிய புத்தர் கோயிலுக்கு டுக் டுக்கில் (நம் ஆட்டோ மாதிரி மூன்று சக்கர வண்டி) கூட்டிப் போகிறேன், 40 பாட் போதும் என்றார். இதைப் பற்றி முன்பே படித்திருந்தேன். குறைந்த தொகையைச் சொல்லி ஏற்றிக்கொண்டு கடைசியில் ரத்தினக் கடையில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். வாசல் வரைக்கும் நடந்து போய் நாமே பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். திறந்துதான் இருந்தது.

திரும்பும்போது வாசலில் வரிசையாக நின்ற டாக்சிக்காரர்கள் சீலோமுக்கு 400 கேட்டார்கள். மீட்டரில் 100 பாட்டைச் சுற்றித்தான் வரும். இங்கே ஒன்று கவனித்தேன், அரண்மனை வாசலில், பெரிய கடைவீதி வாசலில் நிறுத்திவைத்துக் காத்திருக்கிற வண்டிதான் மீட்டர் போட மறுக்கிறது. ஓடிக்கொண்டிருக்கிற வண்டியை, முன் கண்ணாடியில் சிவப்பு விளக்கு எரிகிற காலி வண்டியை, பெரிய சாலையில் நின்று கைகாட்டி நிறுத்தினால் பெரும்பாலும் பேச்சே இல்லாமல் மீட்டர் போடுகிறார்கள். மாலை நாலு மணி வாக்கில் மட்டும் இரண்டு பேர் மறுத்தார்கள், வாடகை வண்டியை முதலாளியிடம் விடுகிற நேரம் என்றார்கள். அது உண்மையும்தான், நிறையப் பேர் நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்கள், நெரிசலில் மணிக்கணக்காக நின்றால் மீட்டரில் அவர்களுக்கு ஒன்றும் நிற்காது. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. சென்னையில் 2013-ல் ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 என்று நிர்ணயித்துவிட்டு அப்புறம் விலைவாசி எங்கேயோ போனபோது நம் ஆட்டோக்காரர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஏற்றிக்கொண்டு, ஒரு தொகை சொல்லிவிட்டு, பெட்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு வேறு தொகை கேட்பது வேறு. அதற்கு நியாயம் கிடையாது.

அன்று 400 கேட்டவர்களை விட்டுவிட்டு தா சாங் படகுத்துறைக்கு நடந்தோம். ஆரஞ்சுக் கொடி போட்ட படகு, ஆளுக்கு 16 பாட். அம்மா ஆற்றுக் காற்றில் உட்கார்ந்து வந்தார், முதல் தடவையாக முகம் தெளிந்தது. அன்று மாலையே சீலோமில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று அவரே கேட்டார். 1879-ல் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில். டாக்சிக்காரரிடம் மாரியம்மன் என்றால் புரியாது, 'வாட் கேக்' என்று சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். போகிற இடத்தின் உள்ளூர்ப் பெயர் நம் வாயில் வந்துவிட்டால் தொகை பேசுவது பாதி குறைந்துவிடுகிறது, இது என் அனுபவம்.

அதற்கு அப்புறம் நாங்கள் ஏறிய ஒவ்வொரு டாக்சியிலும் ஒரே முறைதான். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, உள்ளே உட்காராமல், இடத்தைச் சொல்லி 'மிட்டேர்?' என்று கேட்பேன். தலையாட்டினால்தான் ஏறுவோம், இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த வண்டி. ஏறியவுடன் மனைவி பின்கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தகட்டைப் போட்டோ எடுத்துவிடுவார், வண்டி எண் அதில் இருக்கும். பாஸ்போர்ட், மருந்து இருக்கிற பை டிக்கிக்குப் போகாது, மடியிலேயே இருக்கும். கையில் பச்சை இருபதும் சிவப்பு நூறுமாகத் தனியாக வைத்திருந்தேன். சுற்றுலாப் போலீஸ் எண் 1155-ஐயும் போனில் ஏற்றிவைத்தேன், கூப்பிட வேண்டிய நிலைமை வரவில்லை.

ஊர் திரும்பும் நாள் அதே வரவேற்புப் பெண் டாக்சி கூப்பிட்டுக் கொடுத்தார். வயதான ஓட்டுநர், நாங்கள் கேட்கும் முன்பே மீட்டரை அழுத்தினார். 35 என்று சிவப்பில் எரிந்தது. அம்மா முன் சீட்டுக்கு நடுவில் தலையை நீட்டி வழி முழுவதும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார், விமான நிலையத்தில் 263 என்று நின்றது. 300 கொடுத்தேன். அவர் மீதியை எடுக்கப் பையைத் துழாவினார். 'வேண்டாம்னு சொல்லுடா' என்றார் அம்மா.