பிங் பதில் வரும் வரை: எஸ்டிஎம்32 போர்டில் ஈதர்நெட்

எஸ்டிஎம்32எஃப்407 மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்குள், ஃபிரேம் எனும் தரவுப் பொட்டலங்களைக் கையாளும் ஈதர்நெட் மேக் இருக்கிறது; கேபிளோடு பேசும் ஃபை கிடையாது. அதை வெளியே வைத்தாக வேண்டும். எங்கள் போர்டில் அந்த ஃபை லேன்8720ஏ, மேக்குக்கும் அதற்கும் நடுவில் ஆர்எம்ஐஐ என்ற இணைப்பு. கியூப்எம்எக்ஸ் கருவி உருவாக்கித் தந்த நிரலை ஏற்றினால் ஈதர்நெட்டைத் தொடங்கும் இடத்திலேயே நின்றுவிட்டது. டீபக்கரில் பார்த்தால், டிஎம்ஏவின் (சிபியு இல்லாமலே நினைவகத்தோடு தரவைப் பரிமாறும் பகுதி) ரீசெட் பிட் 1 ஆகவே இருக்கிறது. 0-க்கு இறங்கவே இல்லை.

இந்த அறிகுறி பொய் சொல்லாது. 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக் வந்து சேராவிட்டால் அந்த ரீசெட் முடியவே முடியாது. ஆர்எம்ஐஐ-க்குப் பதில் எம்ஐஐ என்ற வேறு வகை இணைப்பு நிரலில் தேர்வாகியிருந்தாலும் இதே நிலைதான். அந்தத் தேர்வு சரியாகவே இருந்தது. ஆசிலோஸ்கோப் புரோபை, கிளாக் சிப்புக்குள் நுழையும் பிஏ1 பின்னில் வைத்தேன்: அலையே இல்லை. கிளாக்கை உருவாக்கும் ஆசிலேட்டரின் காலில் வைத்தால் 50 மெகாஹெர்ட்ஸ் அழகாக ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரு 33 ஓம் ரெசிஸ்டர் மட்டும். லென்ஸ் வழியே பார்த்தபோது அதன் ஒரு முனை பேடில் உட்காராமல் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. சால்டரிங் அயர்னை ஒருமுறை வைத்து எடுத்தேன், ரீசெட் முடிந்தது.

உடனே எல்டபிள்யூஐபி என்ற நெட்வொர்க் மென்பொருள் பக்கம் ஓடக் கூடாது என்பது என் பிடிவாதம். ஃபை பதில் சொல்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். 0 முதல் 31 வரை எல்லா முகவரிகளிலும் எம்டிஐஓ (ஃபையின் ரெஜிஸ்டர்களைப் படிக்கும் கம்பி) வழியாக 2ஆம் ரெஜிஸ்டரைப் படிக்கச் சின்ன லூப் ஒன்று எழுதினேன். ஆளில்லாத முகவரிகளில் புல்-அப் ரெசிஸ்டர் கம்பியை 1-இலேயே வைத்திருப்பதால் 65535. 1ஆம் முகவரியில் மட்டும் 7. லேன்8720-இல் அந்த ரெஜிஸ்டரில் இருக்க வேண்டிய எண் அதுதான். நிரலில் இருந்த முகவரி 0. மாற்றியதும் லிங்க் 100 எம்பிபிஎஸ், ஃபுல் டூப்ளெக்ஸ்.

ஆனாலும் பிங் கிடைக்கவில்லை. நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தால், என் கணினி ‘இந்த ஐபி யாருடையது’ என்ற ஏஆர்பி கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. போர்டிலிருந்து ஒரு ஃபிரேம்கூட வரவில்லை. எந்த மாறி எங்கே இருக்கிறது என்று காட்டும் மேப் ஃபைலில், பஃபர்கள் எங்கே என்று டிஎம்ஏவுக்குச் சொல்லும் டிஸ்கிரிப்டர்களின் முகவரியைத் தேடினால், ஹெக்ஸில் 10000000-ஐ ஒட்டி இருந்தது. அது சிசிஎம் ரேம். அந்த 64 கிலோபைட்டை சிபியு மட்டுமே தொட முடியும். டிஎம்ஏவுக்கு அங்கே பாதையே கிடையாது. பழைய புராஜெக்டிலிருந்து வந்த லிங்கர் ஸ்கிரிப்ட், வேகத்துக்காக மாறிகளை அங்கே வைத்திருந்தது. டீபக்கரில் எல்லா மதிப்பும் சரியாகத் தெரிவதால் சந்தேகமே வராது. இந்த வகைக் கோளாறுதான் ஆளை அதிகம் அலைக்கழிக்கும். டிஸ்கிரிப்டர், பஃபர் இரண்டையும் 20000000-இல் தொடங்கும் எஸ்ரேமுக்கு நகர்த்தினேன். பிங் பதில்கள் வரிசையாக வந்து விழுந்தன. அந்தச் சந்தோஷம் தனி!

எஸ்டிஎம்32 எச்7 வரிசை சிப்புகளில் டிடிசிஎம் என்ற ரேமுக்கும் ஈதர்நெட் டிஎம்ஏவிடம் இதே தடை உண்டு. அதோடு சிபியுவின் தரவு கேஷான டி-கேஷையும் கவனிக்க வேண்டும்.

மிச்சமிருந்தது கேபிளைப் பிடுங்கிச் செருகும் சோதனை. லிங்க் நிலையை அவ்வப்போது படிக்கத் தனி டாஸ்க் வைத்தேன். எதிர்முனை 10 எம்பிபிஎஸ் என்றால் ஃபை தானாக இறங்கிவிடும், மேக் இறங்காது. ஃபையின் 31ஆம் ரெஜிஸ்டரில் வேகத்தைப் படித்து, மேக்கிலும் அதையே எழுத வேண்டும்.